கம்பிக்கு இந்தப் பக்கம்

அண்ணி சிறுநீர் கழித்து முப்பது மணி நேரம் ஆகியிருந்தது.

மண் சரிந்து, தொழிலாளிகளின் வரிசை வீடான எங்கள் லயத்தின் பின்சுவர் விழுந்தபோது அவளுடைய இரண்டு தொடைகளும் அதன் அடியில் மாட்டிக்கொண்டன. என் அண்ணன் வினோஜனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சுவரைப் புரட்டி அவளை வெளியே எடுக்க நாலு மணி நேரம் பிடித்தது. எலும்பு முறியவில்லை. ரத்தமும் பெரிதாகப் போகவில்லை. பேசினாள், தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தாள். சர்மிளா தப்பித்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டிஸ்பென்சர் சிவசாமி மட்டும் அப்படி நினைக்கவில்லை. அவர்தான் தோட்டத்து மருந்துக்காரர். ஒரு டியூபைப் போட்டு அதன் நுனியில் பையை மாட்டிவிட்டு, மணிக்கொரு தரம் வந்து பையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பை காலியாகவே இருந்தது.

என்னைப் பள்ளிக்கூடத்து வராந்தாவின் ஓரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "நசுங்குன சதையிலேருந்து நஞ்சு ரத்தத்துல எறங்கிக்கிட்டு இருக்கும்மா. கிட்னி அதைத் தள்ளணும். தள்ளல. இன்னிக்குள்ள மெஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். இல்லேன்னா நெஞ்சு நின்னுரும்."

"பேசிக்கிட்டுத்தானே இருக்கா?"

"பேசிக்கிட்டு இருக்கிறப்பவே நிக்கும்."

மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு வேண்டும். லிந்துலைக்கு இறங்குகிற ரோடு மூன்று இடத்தில் இல்லை. குறுகியது, உடைந்தது என்றில்லை. இல்லை. எங்கள் லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது என்று ஆவணி மாதமே எழுதிக் கொடுத்திருந்தோம். அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது மேக்கணக்கில், அதாவது வெள்ளிக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், நாற்பது குடும்பம் பள்ளிக்கூடத்துக்குள் கிடந்தது. மூன்று பேரைப் புதைத்திருந்தோம்.

பள்ளிக்கூடத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் போனுக்கு ஒரு கோடு சிக்னல் வரும். அங்கே நின்றுதான் விமானப்படையின் மீட்புப் பிரிவோடு பேசினேன். மறுமுனையில் இருந்தவர் சிங்களத்தில், பதற்றமில்லாமல், ஒவ்வொன்றாகக் கேட்டார். இறங்க இடம் இருக்கிறதா? பள்ளிக்கூட கிரவுண்ட் இருக்கிறது. எத்தனை நோயாளி? ஒருத்தி. கீழே நின்று ஹெலிகாப்டருக்குச் சைகை காட்ட ஆள் இருக்கிறதா?

"நான் காட்டுவேன்" என்றேன்.

"நீங்கள் யார்?"

"பிரேமினி. கட்டுநாயக்கவில் விமானங்களுக்குத் தரையில் வழிகாட்டுகிற வேலை. லீவில் வந்தேன்."

"ஹெலிகாப்டருக்குக் காட்டியிருக்கிறீர்களா?"

"ஆம்" என்றேன். பொய்.

இரண்டு மணிக்கு வரும், ஒரே தடவைதான், மூடுபனி ஏறிவிட்டால் திரும்பிவிடும் என்றார். பள்ளத்துப் பக்கம் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். கம்பி என்ற சொல் முந்தியதா, லைன் அறுந்தது முந்தியதா என்று எனக்குத் தெரியாது. மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினேழு தரம். கிடைக்கவில்லை.

நான் பேராதனையில் புவியியல் படித்தவள். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று மூன்று வருடம் இருந்துவிட்டு விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு உள்ளே வந்ததும், அதற்கு முன்னால் நின்று இரண்டு கைகளாலும் சைகை காட்டி, மஞ்சள் கோட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை. அதன் இறக்கைக்கு அடியில் வண்டியோ ஆளோ நுழையாமல் பார்ப்பதும் அதே வேலைதான். தோட்டத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். விடிகாலையில் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பேர் எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். பேச்சியம்மா அத்தை எனக்கு வைத்திருந்த பட்டம், ஏரோப்ளேனுக்குப் பெரட்டுப் புடிக்கிற புள்ள.

ஹெலிகாப்டருக்கு நான் கை காட்டியதே இல்லை. பயிற்சியில் அரை நாள் பாடம் நடத்தினார்கள். பரீட்சைக்குப் படித்தேன். அவ்வளவுதான்.

மணி பதினொன்று. மூன்று மணி நேரம் இருந்தது.

முதலில் கிரவுண்டைச் சுத்தம் பண்ணவேண்டியிருந்தது. ஹெலிகாப்டர் இறங்கும்போது அடிக்கிற காற்றில் தகரம் பறக்கும். ஒரு சாரத்துணி பறந்து போய் மேலே சுழல்கிறதில் சுற்றினாலும் போதும். இடிந்த லயத்திலிருந்து கொண்டுவந்த கூரைத் தகரங்களை எல்லாம் கிரவுண்டின் ஓரத்தில்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றைச் சுமந்து வகுப்பறைக்குள் போடச் சொன்னேன். காய்ந்துகொண்டிருந்த சேலைகளை எடுக்கச் சொன்னேன். மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்குகளை மடித்து அதன்மேல் ஆளை உட்காரச் சொன்னேன். தேங்காய் அளவுக் கல்லைக்கூட விடவில்லை.

"கேம்பஸ்ல நாலு வருசம் படிச்சது கல்லுப் பொறுக்கவாடி?" என்றாள் பேச்சியம்மா அத்தை, கல்லைப் பொறுக்கிக்கொண்டே.

"ஆமா அத்தை. வேகமாப் பொறுக்குங்க."

"பொறுக்குறேன் பொறுக்குறேன். இன்னிக்குச் சம்பளத்துக்குப் பேரு போடுவியா? அரைப் பேரா முழுப் பேரா?"

கம்பிதான் மிச்சம். கிரவுண்டின் ஒரு பக்கம் பள்ளிக்கூடம், எதிர்ப் பக்கம் பள்ளம். மேல் மலையிலிருந்து கீழே ஃபெக்டரிக்குக் கொழுந்து மூட்டை இறக்குவதற்காக ஒரு காலத்தில் போட்ட இரும்புக் கம்பி, கிரவுண்டின் விளிம்பைத் தாண்டி, பள்ளத்துக்கு மேலே குறுக்காகப் போகிறது. பன்னிரண்டு வருடமாகச் சும்மா தொங்குகிறது. துருவேறி மலையின் நிறத்துக்கே மாறிவிட்டது. எங்கே இருக்கிறது என்று தெரிந்து பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். காற்று பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து பள்ளத்தை நோக்கி அடித்தது. ஈரச் சருகைக் கொளுத்திப் புகையில் பார்த்தேன். ஹெலிகாப்டர் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும். அப்படியானால் பள்ளத்துப் பக்கமிருந்துதான் வரும். கம்பி நேரே அதன் குறுக்கே.

கண்டாக்கு தரணிதரனிடம் போனேன். மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தர். துரைக்கு அடுத்தபடி எங்கள் கணக்கில் அவர் சொல்தான்.

"அந்தக் கொழுந்துக் கம்பிய வெட்டணுங்க ஐயா."

"அது கொம்பனிச் சாமான் புள்ள. தொரைகிட்டக் கேக்காம கை வைக்க ஏலாது."

"தொரை எங்க?"

"கொழும்புல."

"அப்பக் கேளுங்க."

"எங்க கேக்குறது? சிக்னல் இல்லயே."

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அதோட, அது இழுத்துக் கட்டுன இரும்பு. அறுத்தா சாட்டை மாதிரி திரும்பும். நிக்கிறவன் தலை இருக்காது. அதை அறுக்கத் தெரிஞ்ச ஆளு இங்க யாரு? நீ அறுப்பியா?"

இரண்டாவது காரணம் சரியானது. அதை எந்தப் பயிற்சியிலும் ஒத்துக்கொள்வார்கள். முதல் காரணத்தை முதலில் சொன்னாரே, அதற்காகத்தான் எனக்கு அவரை அறையவேண்டும் போல் இருந்தது.

ஆக, கம்பி இருக்கும். ஹெலிகாப்டர் கம்பிக்கு மேலே உயரத்தில் கடந்து, கிரவுண்டின் நடுவுக்கு வந்து நின்று, அதன்பிறகு நேராகக் கீழே இறங்கவேண்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் ஓர் அடிகூட இறங்கக்கூடாது. என் வேலை அவ்வளவுதான். மேல் மலையில் கம்பி கட்டியிருக்கிற தூணில் ஒரு சிவப்புச் சேலையைக் கட்டினோம். கம்பியின் நடுவில் கட்ட யாராலும் முடியாது. பக்கத்திலேயே கோயில். கோயிலுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி பறந்தால் யார் அதை எச்சரிக்கை என்று நினைப்பார்கள்?

மருந்தடிக்கிற ஆட்கள் போடுகிற மஞ்சள் ரப்பர் கையுறை ஒரு சோடி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய்ச் சைகைகளைச் செய்து பார்த்தேன். இரண்டு கையும் பக்கவாட்டில் நேராக: அந்தரத்தில் நில். உள்ளங்கை மேலே பார்க்கக் கையைத் தூக்கித் தூக்கி: உயரப் போ. உள்ளங்கை கீழே பார்க்கக் கையை இறக்கி இறக்கி: இறங்கு. தலைக்கு மேலே இரண்டு கையும் குறுக்காக: நிறுத்து. கைகளை வயிற்றுக்கு முன்னால் குறுக்காகக் கீழே: தரையில் உட்கார்.

திரும்பினால் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"பிரேமி, ஒனக்கு உண்மையிலேயே தெரியுமா?"

"தெரியும்ணே."

"ஹெலிகாப்டருக்குக் காட்டியிருக்கியா?"

"அண்ணிகிட்டப் போய் இரு. போ."

"காட்டல."

"வேற யாரு இருக்கா? சொல்லு, கூட்டிட்டு வா. நான் போய் ஒக்காந்துக்கிறேன்."

அவன் அண்ணியிடம் போனான். என் கோபம் அவன்மேல் இல்லை. ஆனால் அவன்மேல்தான் விழுந்தது.

ஒன்றரை மணிக்கு எல்லோரையும் வராந்தாவில் கூட்டினேன். இருநூறு பேர் இருக்கும். கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டம் பார்க்கப் பெண்கள் வைத்திருக்கிற மட்டக்கம்புகளை வாங்கி, வராந்தாவுக்கு முன்னால் தரையில் வரிசையாகப் போட்டேன். "இந்தக் கம்பைத் தாண்டி யாரும் வரக்கூடாது. நான் கூப்பிட்டா ஸ்ட்ரெச்சர் தூக்குற நாலு பேரும் டிஸ்பென்சர் ஐயாவும் மட்டும். முன்பக்கமா, குனிஞ்சு."

"வீட்டுக்கு வர்றவங்கள வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிட மாட்டமா?" என்றாள் பேச்சியம்மா அத்தை. "வரச்சொல்லிட்டு உள்ளுக்குப் போயி ஒளிஞ்சிக்கிறதா? நல்லா இருக்குடி ஒன் மரியாத."

சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதை அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

அண்ணியை வகுப்பறைக் கதவைக் கழற்றி அதன்மேல் படுக்க வைத்திருந்தோம். உதடு மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். சிவசாமி அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். நடுவில் ஒரு தரம் எண்ணுவதை நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார்.

"ஏய் பிரேமினி" என்றாள் அண்ணி. "சன்னல் சீட்டு குடுப்பாங்களா?"

"கேட்டுப் பாக்கிறேன் அண்ணி."

"ஒங்கண்ணன் வந்தா வாந்தி எடுப்பாரு. ஹட்டன் பஸ்ஸுக்கே எடுக்கிறவரு."

இரண்டு மணிக்கு வரவில்லை. இரண்டேகாலுக்கு வரவில்லை. பள்ளத்துக்குள் மூடுபனி நிறைந்துகொண்டு வந்தது. முதலில் ஃபெக்டரிக் கூரை போனது. பிறகு கீழ்க்கணக்கு லயங்கள். நான் கிரவுண்டில் பள்ளிக்கூடத்துப் பக்கமாக, காற்றுக்கு முதுகு காட்டி, பள்ளத்தைப் பார்த்து நின்றேன். கையுறைக்குள் வியர்த்தது.

இரண்டு இருபத்திரண்டுக்குச் சத்தம் கேட்டது. கீழேயிருந்து, பனிக்குள்ளிருந்து. எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. மலை அதை நாலு பக்கமும் திருப்பி அடித்தது.

எனக்குப் பின்னால் யாரோ கத்தினார்கள். "வருது! வருது! நம்மளத் தெரியாமப் போயிரப் போகுது!"

மட்டக்கம்புகளை முதலில் தாண்டியது யார் என்று இன்றைக்கும் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒருவர் ஓடினார். பிறகு எல்லோரும் ஓடினார்கள். என்னைத் தாண்டி, இரண்டு பக்கமும், கிரவுண்டின் எதிர் விளிம்பில் இருக்கிற கல்லுக்கட்டை நோக்கி. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. இருநூறு பேரும் பள்ளத்தைப் பார்த்து, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, விளிம்பில் போய் நின்றுவிட்டார்கள்.

பனியைக் கிழித்துக்கொண்டு ஹெலிகாப்டர் வந்தது. நல்ல உயரத்தில்தான் வந்தது. அப்படியே வந்தால் கம்பியைக் கடந்துவிடும். நான் கைகளைப் பக்கவாட்டில் நீட்டினேன்.

அப்போது அவர்கள் அதைக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் ஒருவரைக் கூப்பிடும்போது உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துத்தான் தட்டுவோம். பக்கத்தில் இருந்தால் விரலை மட்டும். தூரத்து மலையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதென்றால் இரண்டு கையையும் முழுதாக நீட்டி, மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. வா. வா. இங்கே வா. இருநூறு பேர், நானூறு கை, ஒரே மாதிரி. இத்தனை நாள் மழையில் ஒருவரும் வராமல் கிடந்துவிட்டு, வந்த ஒன்றை விட்டுவிடக் கூடாதென்று உயிரைக் கொடுத்துக் கூப்பிட்டார்கள்.

விமானியின் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இறங்கு. இறங்கு.

அது இறங்கியது. கம்பிக்கு அந்தப் பக்கத்திலேயே, பள்ளத்துக்கு மேலேயே, மூக்கைச் சற்றுத் தூக்கிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தது. அங்கே அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் எந்த உயரத்தில் என்று தெரியும். அந்த உயரத்துக்குத்தான் அது வந்துகொண்டிருந்தது.

நான் உயரப் போ என்று காட்டினேன். அத்தனை கைகளுக்குப் பின்னால் என் இரண்டு கை. அதை யார் பார்ப்பார்கள்?

ஓடினேன். சேற்றில் வழுக்கி ஒரு தரம் முழங்காலில் விழுந்தேன். எழுந்து கூட்டத்துக்குள் புகுந்து, முழங்கையால் இடித்து, கல்லுக்கட்டின் மேல் ஏறினேன். பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தருவது, விமானத்துக்கு முதுகு காட்டாதே என்பது. நான் ஹெலிகாப்டருக்கு முதுகைக் காட்டி, என் சனங்களைப் பார்த்து நின்றேன். தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கிக் குறுக்காக வைத்தேன். நிறுத்துங்கள். கையை நிறுத்துங்கள்.

ஒரு சொல் கேட்கவில்லை. காற்று சேலைகளை எல்லாம் பின்னுக்கு இழுத்தது. முன்வரிசையில் பேச்சியம்மா அத்தை வாயைத் திறந்தபடி என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. அழுதுகொண்டிருந்திருக்கிறேன் என்று பிறகு சொன்னார்கள். அத்தை கூப்பிடுவதை நிறுத்தினாள். என் கைகளைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினாள். உதடு அசைந்தது. அரோகரா.

பக்கத்தில் நின்றவள் தூக்கினாள். அதற்குப் பின்னால் இருந்தவர்கள் தூக்கினார்கள். தேர் நம் வாசலுக்கு வரும்போது தூக்குகிற மாதிரி, விளிம்பு முழுக்க, ஒருவர் பாக்கி இல்லாமல், தலைக்கு மேலே கை. கண்டாக்கு தரணிதரன் குடையைக் கீழே போட்டுவிட்டுத் தூக்கினார்.

நான் நிறுத்து என்றேன். அவர்கள் கும்பிட்டார்கள்.

எனக்குப் பின்னால் சத்தத்தின் சுருதி மாறியது. அடிவயிற்றில் கேட்கிற அடர்ந்த சத்தமாக ஆனது. திரும்பிப் பார்த்தேன். ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்றிருந்தது. பக்கக் கதவில் ஒருவன் குப்புறப் படுத்தபடி வெளியே தலையை நீட்டியிருந்தான். தலைக்கவசத்தின் கீழே அவன் வாய் வேகமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அவன் கை நேரே முன்னால் நீண்டிருந்தது. அவன் கம்பியைப் பார்த்துவிட்டான். அடித்த காற்றில் கம்பி ஆடியதால்தான் அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். நானும் அப்போதுதான் அதைப் பார்த்தேன். சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு லயத்துக் காம்பராவின், ஒற்றை அறையின், நீளம் இருந்தது. கூடினால் இரண்டு.

ஹெலிகாப்டர் நேராக மேலே ஏறியது.

நான் குதித்துக் கிரவுண்டின் மறுபக்கத்துக்குத் திரும்ப ஓடினேன். யாருடைய கையையும் இறக்கச் சொல்லவில்லை. என் இடத்தில் போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினேன். இப்போது விமானி என்னை மட்டும்தான் பார்த்தார். அது எனக்கு இத்தனை தூரத்திலும் தெரிந்தது. முன்னால் வா. இன்னும் வா. அதன் வால் கம்பியைக் கடக்கிறதா என்று பார்த்தேன். கடந்தது. கூட்டத்துக்கு மேலே வந்தது. தாண்டியது. நில். நின்றது.

உள்ளங்கைகளைக் கீழே பார்க்க வைத்தேன். இறங்கு.

சக்கரம் சேற்றில் பதிந்தபோது நான் கைகளை வயிற்றுக்கு முன்னால் குறுக்கே போட்டுக்கொண்டு, அப்படியே எடுக்காமல் நின்றிருந்தேன். கதவில் இருந்தவன் இறங்கி வந்து என் தோளைத் தட்டினான். அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டேன்.

நாலு பேரும் அண்ணி படுத்திருந்த கதவைத் தூக்கிக்கொண்டு, நான் சொன்னபடி, குனிந்து முன்பக்கமாக வந்தார்கள். சிவசாமியும் கூட ஓடி வந்தார். அவர் குனியவில்லை. சேலைன் போத்தலை வலது கையில் எவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியுமோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். முப்பது வருடமாக அப்படித்தான் பிடித்திருக்கிறார். அவருடைய கைக்கு மேலே இறக்கைகள் சுழன்றன. நான் பாய்ந்து அவர் முழங்கையில் தொங்கினேன். போத்தல் நழுவி அண்ணியின் நெஞ்சின்மேல் விழுந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒருவர்தான் கூட வரலாம்" என்றான் வந்தவன், சிங்களத்தில், என் காதுக்குள். "சீக்கிரம்."

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ போ பிரேமி. டாக்டர்மார்கிட்ட நீதான் பேசுவ. எனக்கு அங்க போயி என்ன சொல்றதுன்னு தெரியாது."

அது உண்மை. ஆஸ்பத்திரியில் அவனை நாலு கவுண்டருக்கு அலையவிடுவார்கள். என்னை அலையவிட முடியாது. நான் ஒரு காலை எடுத்துக்கூட வைத்துவிட்டேன். பிறகு விளிம்பைப் பார்த்தேன். பனி கல்லுக்கட்டு வரைக்கும் வந்திருந்தது. கம்பி இருக்கிற இடம் வெறும் வெள்ளை. இது மறுபடி மேலே ஏறவேண்டும். கம்பி உயரத்தைத் தாண்டுகிறவரை நகராமல் நேராக ஏறவேண்டும். அதைச் சொல்லக் கீழே ஒரு ஆள் வேண்டும்.

"நீதான் போற" என்றேன். டிஸ்பென்சர் எழுதிய கடிதத்தை அவன் சட்டைப்பைக்குள் திணித்தேன். "இதை மொத டாக்டர் கையில குடு. வேற யார்கிட்டயும் குடுக்காத. ஒண்ணுக்குப் போயி முப்பத்தி நாலு மணி நேரம்னு சொல்லு. கேக்கலன்னா கத்திச் சொல்லு."

"முப்பத்தி நாலு" என்றான்.

"சிங்களத்துல."

சொன்னான். சரியாகச் சொன்னான். ஏறினான்.

வந்தவன் கதவை இழுக்கும் முன் என்னைப் பார்த்துக் கேட்டான். "எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்து என்று காட்டினீர்களே, யார் பழக்கினது?"

பதில் சொல்ல நேரமில்லை. ஒரு விரலைக் காட்டினேன். ஒரு கம்பி. பள்ளத்துப் பக்கம் கையை நீட்டினேன். அவன் தலையை ஆட்டினான்.

உள்ளங்கைகளை மேலே பார்க்க வைத்துத் தூக்கினேன். தூக்கினேன். தூக்கினேன். சேறும் இலையும் முகத்தில் அடித்தன. கண்ணை மூடவில்லை. மூன்று ஆள் உயரம், ஐந்து ஆள் உயரம், கோயில் கோபுரத்து உயரம். போதும் என்று தோன்றிய பிறகும் தூக்கிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கையை நீட்டிப் போகச் சொன்னேன். பனி அதை வாங்கிக்கொண்டது.

இருநூறு பேரும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றோம். அது ஒரே சீராகப் போனது. நடுவில் நிற்கவில்லை, உடையவில்லை. மெதுவாகக் குறைந்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு வந்து, இல்லாமல் போனது. ஒரு குழந்தை பசி என்று அழுதது. பெண்கள் அடுப்பைப் பார்க்கப் போனார்கள்.

அன்று மாலை தொட்டியில் ஏறி நின்றபோது அண்ணன் போன் எடுத்தான். "மெஷின்ல போட்டாச்சு. என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க." மறுநாள், மெஷினில்தான். அதற்கு மறுநாளும் மெஷினில்தான். பை காலி. சிவசாமி ஒவ்வொரு நாளும் என்னுடன் தொட்டிவரை ஏறி வந்தார். அறுபது வயதுக்காரர். மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, இறங்கிப் போவார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. பேச்சியம்மா அத்தையும் கூட வந்திருந்தாள்.

"பிரேமி" என்றான் அண்ணன். அவனால் அதற்கு மேல் பேச முடியவில்லை. தொட்டியின் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னண்ணே? சொல்லு. என்னா?"

"வந்திருக்கு. பையில வந்திருக்கு."

சிவசாமி போனை என் கையிலிருந்து பிடுங்கினார். அவர் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கி நான் பார்த்ததில்லை.

"எவ்வளவு தம்பி? ... நாப்பது மில்லியா? நர்ஸ்கிட்டக் கேட்டியா, நீயா பாத்தியா? ... சரி. என்னா நெறம்? ... என்னா நெறம்னு கேக்குறேன்."

கேட்டுவிட்டு போனை இறக்கினார். "தேத்தண்ணி நெறத்துல இருக்காம்" என்றார். "நசுங்குன சதைக்கு அப்படித்தான் வரும். வரட்டும். எல்லாம் வரட்டும்."

"என்னாது?" என்றாள் அத்தை.

"தேத்தண்ணி நெறம் அத்தை."

"வேறென்னா நெறத்துல போவா? பத்து வருசமாக் கொழுந்து எடுத்தவ" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. சிவசாமி சிரிக்கவில்லை. ஈரத் தொட்டியின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு நூறு மில்லியாவது வரணும்" என்றார்.